ஒத்தை ராணி கழற்றிய பிரேக்

ஆறு திருகுகளில் நான்கு கழன்று வெள்ளைத் துணியின் மேல் வரிசையாகக் கிடந்தன. ஐந்தாவது முரண்டு பிடித்தது. இடது கை பெடலின் இரும்புத் தகட்டை மேஜையோடு அழுத்திப் பிடித்திருக்க, வலது கை திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுத் திருகின் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருந்தது. எண்ணெய் இறங்க வேண்டும். ஊறாத திருகை முறுக்கினால் தலை மழுங்கிவிடும். அப்புறம் அது யார் சொன்னாலும் கேட்காது. அந்தக் கைகளுக்குத் தையல் மிஷின்கள் சொல்லிக்கொடுத்த பழைய பாடம் அது. நக ஓரங்களில் போகாத எண்ணெய்க் கறுப்பு. வலது ஆள்காட்டி விரலில் எப்போதோ ஊசி ஏறி இறங்கிய வெள்ளைத் தழும்பு.

மேஜையைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது.

"மெதுவாவே பண்ணும்மா," என்றார் பார்சல் கொண்டுவரும் கூரியர். "பிரேக் ஏற்கெனவே போயிடுச்சுங்கறாங்க. இனிமே எங்க போகப் போகுது."

கூட்டம் சிரித்தது. கல்லாவை ஒட்டிக் கைகட்டி நின்ற மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்ற அக்கா தங்கையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெடல் அக்காவின் கணவரான அந்த மாமாவினுடையது. கடையும் அவருடையதுதான். தெருவில் எல்லாரும் அதை ரேஸ் கடை என்பார்கள். பெயர்தான் கடை, உள்ளே விற்கிற பொருள் ஒன்றும் கிடையாது. நீளமான ஒரே அறை, ஆறு இருக்கைகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஸ்டியரிங், காலடியில் பெடல்கள், எதிரே வளைந்த பெரிய திரை. உட்கார்ந்து அழுத்தினால் திரையில் கார் பறக்கும். ஸ்டியரிங் நிஜ வண்டி மாதிரியே கையில் உதறும். எங்கே போய் மோதினாலும் உடம்பில் ஒரு கீறல் விழாது. மானம் போவதோடு சரி.

வாசலை ஒட்டிய சுவரில் ஒரு பலகை உண்டு. தனியாக ஓட்டிப் பழகும்போது யார் ஒரு சுற்றை எவ்வளவு சீக்கிரம் முடித்தார்கள் என்று அதில் எழுதி வைப்பார்கள். அந்தப் பலகையின் முதல் வரி நெடுநாளாக அவளுடையது. மழையில் சுவர் ஓதம் பிடித்துப் பலகையைப் புதிதாக எழுத வேண்டி வந்தபோதும் முதல் வரி மாறவில்லை.

அவள் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் மிஷின் மெக்கானிக். நூல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்து, தைக்கக் கற்று, தைத்த மிஷின் மக்கர் பண்ணும்போதெல்லாம் மெக்கானிக் வரும்வரை பொறுக்காமல் தானே திறந்து பார்த்துப் பார்த்து மெக்கானிக் ஆனவள். நாற்பது மிஷின்கள் ஓடும் இரைச்சலில் எந்த மிஷினின் கொக்கி உரசுகிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்வாள். ரேஸ் கடை திறந்த புதிதில் பெடல்கள் அடிக்கடி இறுகிப்போயின. "உனக்குத்தான் மிதிக்கிற சாமானெல்லாம் அத்துப்படியாச்சே," என்று அக்காதான் அவளைக் கூட்டிவந்தாள். பெடல்களை அவள் பார்த்துக்கொண்டாள். பதிலுக்கு விடுமுறை நாட்களில் கடை திறக்கும் முன் ஓட்டிக்கொள்ளலாம் என்று மாமா சொன்னார். அப்படித்தான் அவள் ஓட்டத் தொடங்கினாள். ஆளில்லாத அறையில், ஒரே ஒரு திரையின் வெளிச்சத்தில்.

அங்கே அவளை மிஞ்ச ஆள் இல்லை. பந்தயத்தில்தான் வினை.

மாதம் ஒருமுறை ஆறு பேர் சேர்ந்து ஓட்டும் பந்தயம் நடக்கும். தனியாக ஓட்டிய நேரப்படி வரிசை. அதனால் முதலில் கிளம்புவது எப்போதும் அவள். கோட்டைத் தொடும்போது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வருவாள். தனியே ஓட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு திருப்புகிற வளைவு, பந்தயத்தில் யாரோ மாற்றி வைத்த மாதிரி வந்து நிற்கும். ஜெயிப்பது பெரும்பாலும் மாமா. இத்தனைக்கும் அவருக்குப் பலகையில் வரியே கிடையாது. "பழகறதெல்லாம் பழகாதவங்களுக்கு," என்பார். கடைசி ஆளாகக் கிளம்புவார். ஒவ்வொருவராக முன்னேறி, கடைசிச் சுற்றில் அவளைத் தாண்டுவார்.

அப்படித் தாண்டிய ஒரு நாள், பந்தயத்தை மைக்கில் வர்ணித்துக்கொண்டிருந்த கூரியரிடமிருந்து மைக்கை வாங்கி அவரே பேசினார். "எங்க கொழுந்தியாவை யாரும் குறைவா நினைக்காதீங்க. அவ ராணி. ஆனா ஒத்தை ராணி. ஒத்தையில ஓட்டச் சொல்லுங்க, உலகத்தையே ஜெயிப்பா. பக்கத்துல ஒரு ஈ பறந்தா போதும், கதை முடிஞ்சுது."

கடை குலுங்கிச் சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

அதோடு விட்டிருந்தால் அவளும் விட்டிருப்பாள். அக்கா மகளின் பிறந்தநாளுக்குச் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தபோது மாமா அதையே விரித்துச் சொன்னார். ஸ்டியரிங் பிடிப்பதுபோல நடித்துக் காட்டி, திரும்பித் திரும்பிப் பார்த்து, கண்ணை உருட்டி, நாற்காலியிலிருந்து விழுவதுபோல விழுந்து. பெரியப்பா இருமல் வரும்வரை சிரித்தார். அம்மா "பாவம், விடுங்க மாப்பிள்ளை," என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அக்காவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொத்திய கை மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பெயர் தொழிற்சாலைக்கும் வந்தது. கூரியர் அங்கேயும் பார்சல் கொண்டுவருகிறவர்; பார்சல் தாமதமாகும், இந்த மாதிரி சமாச்சாரம் தாமதமானதில்லை. ஒரு நாள் புதிதாக வந்திறங்கிய மிஷினை ஓட்டிக்காட்டச் சொல்லி மேலாளர் பின்னால் வந்து நின்றார். காலையில் தனியாக அதே மிஷினில் வெண்ணெய் மாதிரி தைத்துப் பார்த்தவள் அவள். மேலாளர் முன்னால் நூல் ஊசிக்காதில் இரண்டு முறை வழுக்கியது. ரேஸ் கடையில் ஓட்டுகிற சூப்பர்வைசர் பக்கத்திலிருந்தவரிடம், "ஒத்தை ராணிங்க இவங்க. நாம கொஞ்சம் வெளிய நின்னா தைப்பாங்க," என்றார். மேலாளர் புன்னகையோடு நகர்ந்தார். தலைமை மெக்கானிக் இடம் காலியானபோது அது வேறொருவருக்குப் போனது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட அவளிடம் சாட்சி ஏதும் இல்லை. ஆனாலும் போட்டாள், இறுக்கியே போட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு முடிவுக்கு வந்தாள். மாமாவை ஜெயித்தால் போதாது. எந்தக் கடையில், எந்த ஆட்கள் முன்னால் அந்தப் பெயர் பிறந்ததோ, அங்கேயே, அவர்கள் முன்னாலேயே அவர் அதை விழுங்க வேண்டும்.

பழுது பார்க்கிறவளுக்குக் கோபத்திலும் ஒரு ஒழுங்கு இருக்கும். நூல் அறுந்தால் முதலில் ஊசியைப் பார்க்க வேண்டும், பிறகு இழுவிசையை, பிறகு கொக்கியை. நூலைக் குறை சொல்வது கடைசியில். தன்னையும் அப்படியே பிரித்துப் பார்க்கத் தொடங்கினாள். பழகும்போது கொஞ்சம் பெட்ரோலோடு கார் லேசாக ஓடுகிறது; பந்தயத்தில் நிறைந்த டேங்க். அவள் டேங்கை நிரப்பி ஓட்டிப் பார்த்தாள். நேரம் கூடியது உண்மைதான், ஆனால் தோற்கிற அளவுக்குக் கூடவில்லை. தேய்ந்த டயரோடு ஓட்டினாள். அதுவும் கொஞ்சம் தின்றது, முழுசாகத் தின்னவில்லை. பந்தயத்தில் நல்ல பாதையில் வேறு யாராவது ஓடிக்கொண்டிருப்பார்கள், நாம் ஓரமாகப் போய்த் திரும்ப வேண்டும். சரி, ஓரமாகவே போய்த் திரும்பிப் பார்த்தாள். இன்னும் கணக்கு உதைத்தது.

ஒரு காலையில் கொண்டை ஊசி வளைவில் பிரேக்கைச் சற்றுத் தாமதமாக அழுத்தி, கார் புல்லில் இறங்கியது. அவள் கட்டைவிரல் தானாகப் போய் ஸ்டியரிங்கில் இருந்த ரீசெட் பொத்தானை அழுத்தியது. திரை ஒருமுறை கறுத்து, கார் கழுவித் துடைத்த மாதிரி மறுபடி தொடக்கக் கோட்டில் நின்றது.

அவள் கட்டைவிரலைப் பார்த்தாள்.

பலகையில் இருக்கும் அந்த ஒரு சுற்றுக்குப் பின்னால் எத்தனை நூறு சுற்றுகளை இந்த விரல் அழித்திருக்கும். தவறு நடந்த கணத்திலேயே அழித்திருக்கிறது. தவறுக்கு அப்புறம் என்ன வரும் என்பதை அவள் ஓட்டியதே இல்லை. புல்லில் இறங்கிய கார் எப்படி ஏறும், அழுக்கு டயர் எத்தனை வளைவுக்கு வழுக்கும், படபடக்கும் நெஞ்சோடு அடுத்த வளைவை எங்கே பிடிப்பது, எதுவும் தெரியாது. பந்தயத்தில் ரீசெட் வேலை செய்யாது. அங்கே முதல் தவறு நடந்ததும் அவள் நுழைவது இதுவரை பார்க்காத ஊர். தைத்த ஒவ்வொரு கோணலையும் உடனே பிரித்துவிட்டு, நேராக வந்த ஒரே ஒரு தையலை மட்டும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

மறுவாரம் ஒரு பாட்டில் மூடியை அந்தப் பொத்தானின் மேல் கவிழ்த்து, கறுப்பு டேப்பால் சுற்றி ஒட்டினாள்.

கடை திறக்கும் நேரத்துக்கு வந்த கூரியர் அதைப் பார்த்தார். "என்னம்மா, பொத்தானுக்குத் தொப்பி?"

"வெயில் படுதாம் அண்ணே."

"உள்ளதானே இருக்கு?"

"அதுக்குத் தெரியாதில்ல."

அதன் பிறகு அவள் விழுந்தால் விழுந்த இடத்திலிருந்து ஓட்டினாள். சுவரில் இடித்தால் நசுங்கிய காரோடு ஓட்டினாள். சில நாட்கள் வேண்டுமென்றே முதல் வளைவிலேயே புல்லில் இறங்கினாள். நேரங்கள் பார்க்கச் சகிக்கவில்லை. பலகையில் எழுத ஒன்றும் தேறவில்லை. "ராணிக்கு வயசாயிடுச்சு," என்றார் மாமா. அவள் பெடலுக்கு எண்ணெய் போட்டாள்.

இது பாதிதான் என்று அவளுக்கே தெரிந்தது. மறுபாதி காலில் இருந்தது. தையல் வரிசையில் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றால், தைக்கிறவளின் கால் தன்னை அறியாமல் மிதியைத் தளர்த்தும். மிஷின் சத்தம் ஒரு படி இறங்கும். மிஷினில் குறை என்று அவளைக் கூப்பிடுவார்கள். அவள் வந்து பார்த்துவிட்டு, "மிஷின் நல்லாத்தான் இருக்கு. நீ ஊசியைப் பாரு, அவரைப் பார்க்காத," என்று சொல்லிவிட்டுப் போவாள். தன் கால் மட்டும் வேறு ஜாதி என்று எப்படி நினைத்தாளோ. திரையின் மேலே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடி பழகும்போது காலியாக இருக்கும். பந்தயத்தில் அதில் மாமாவின் கார் விளக்கைச் சிமிட்டிக்கொண்டே வரும். ஹெட்போனில், "பார்த்துப் போம்மா, வளைவு வருது, பார்த்து," என்று அவர் குரலும் வரும். அவள் கால் முன்கூட்டியே பிரேக்குக்குப் போய்விடும்.

பழைய பந்தயங்கள் எல்லாம் கடைக் கணினியில் பதிவாகி இருந்தன. ரீப்ளேயை எந்தக் காரிலிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம். அவள் எப்போதும் தன் காரிலிருந்தே பார்த்து வந்தவள். ஒரு நாள் மாமாவின் காரிலிருந்து பார்க்க உட்கார்ந்தாள். கற்றுக்கொள்ள அல்ல; தன்னைத் தாண்டும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்து, ஆத்திரத்துக்குக் கொஞ்சம் விறகு போட.

பார்த்தவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அவள் பதறிப்போய் வெகு சீக்கிரம் பிரேக் பிடித்திருந்தாள். அவள் காரின் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த நொடி மாமாவும் பிடித்தார். முன்னால் தாராளமாக இடம் இருந்தும் பிடித்தார். அடுத்த வளைவில் அவள் தாமதமாகப் பிடித்தாள்; அவரும் தாமதமாகப் பிடித்தார். வேறொரு பந்தயத்தை எடுத்தாள். அதில் முன்னால் போன சூப்பர்வைசர் பிரேக் பிடிக்க மறந்து நேராகச் சரளையில் போய் இறங்கினார். மாமா பக்தியோடு அவர் பின்னாலேயே போய் இறங்கினார். "அந்த ஆளு என்னையும் இழுத்துட்டுப் போயிட்டான்," என்று அன்றைக்கு அதையும் சிரிப்பாக்கியிருந்தார்.

மாமா வளைவைப் பார்ப்பதே இல்லை. முன்னால் போகிறவரின் சிவப்பு விளக்கைப் பார்க்கிறார். அது எரிந்தால் அழுத்துகிறார், அணைந்தால் விடுகிறார். கூடவே விளக்கடித்து, பேச்சுக் கொடுத்து, முன்னால் இருப்பவரைப் பதற வைக்கிறார். கடைசிச் சுற்றில் அந்த ஆள் தடுமாறியதும் உள்ளே நுழைகிறார். அதற்கப்புறம் கோட்டுக்கு மூன்று வளைவுகள்தான். எப்படியோ தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்துவிடலாம். அவர் பலகைக்கு வராததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. தனியாக ஓட்ட அவருக்குத் தெரியாது.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஆளில்லாத அறையில் அந்தச் சிரிப்பு அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

ஆண்டின் கடைசிப் பந்தயத்துக்கு மாமாவே சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்திருந்தார். அம்மா வந்தாள். இருமல் பெரியப்பா வந்தார். அக்கா மகளோடு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு சுற்று. வழக்கம்போல அவள் முதல், மாமா கடைசி.

அவள் அவருக்காகக் காத்திருந்தாள். இரண்டு பேரை விளக்கடித்து விரட்டி, ஒருவரைப் பேசியே புல்லுக்கு அனுப்பி, சூப்பர்வைசரையும் தாண்டி, நான்காவது சுற்றில் மாமா அவள் கண்ணாடிக்குள் வந்தார்.

"என்ன ராணி, சௌக்கியமா?" என்றது ஹெட்போன்.

"சௌக்கியம் மாமா."

நீண்ட நேர்ப்பாதையில் அவள் காரை ஒரு பக்கமாக ஒதுக்கி, காலைக் கொஞ்சம் எடுத்தாள். மாமாவின் கார் விர்ரென்று தாண்டிப் போனது.

"ராணி வழி விட்டுட்டாங்க," என்று மைக்கில் கூவினார் கூரியர். "வா வா, உக்காருன்னு நாற்காலி போட்டுக் குடுத்த மாதிரி விட்டுட்டாங்க."

மாமாவின் சிரிப்பு ஹெட்போனில் கேட்டது. வளைவு நெருங்க நெருங்க அந்தச் சிரிப்பு மெலிந்து, பாதியில் நின்றது. அவர் முன்னால் ஒரு சிவப்பு விளக்கும் இல்லை. வெறும் சாலை.

அவர் பிரேக்கை அழுத்தினார். வளைவு எங்கோ இருந்தது. சைக்கிள்காரர்கூட இன்னும் மிதித்துக்கொண்டிருப்பார். அவ்வளவு சீக்கிரம் பிடிப்பார் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. மோதாமல் இருக்க ஸ்டியரிங்கை ஒடித்தாள். கார் புல்லில் இறங்கியது. சூப்பர்வைசர் அவளைத் தாண்டிப் போனார்.

"அய்யோ," என்றது அம்மாவின் குரல்.

கட்டைவிரல் பொத்தானுக்குப் போனது. பாட்டில் மூடியில் இடித்துத் திரும்பியது. அவ்வளவுதான். இந்தப் புல் அவளுக்குத் தெரிந்த புல். எந்த கியரில் ஏறும், அழுக்கு டயர் எத்தனை வளைவுக்கு வழுக்கும், நெஞ்சு எங்கே அடங்கும், எல்லாம் அத்துப்படி. ஏறினாள். வழுக்க விட்டாள். ஒரு சுற்று கழித்துச் சூப்பர்வைசரின் பக்கத்தில் போய், அவர் திரும்பிப் பார்த்த வளைவிலேயே அவரைத் தாண்டினாள்.

பிறகு மாமாவின் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

தாண்டியிருக்கலாம். சுற்றுக்கு இரண்டு முறை கதவு திறந்தே கிடந்தது. அவள் நுழையவில்லை. விளக்கடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கண்ணாடியில் இருந்தாள், அவ்வளவுதான். மாமா ஒரு வளைவில் சீக்கிரம் பிடித்தார், அடுத்ததில் தாமதமாகப் பிடித்தார், நேர்ப்பாதையில் காரணமே இல்லாமல் பிடித்தார். கூட்டத்தில் முதலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பிறகு ஒரு சிரிப்பு. கூரியர் வர்ணிக்க வார்த்தை இல்லாமல், "முதலாளி... முதலாளி பாதையைத் தேடிட்டு இருக்காருங்க," என்றார். கூட்டம் வேண்டியமட்டும் பார்க்கட்டும் என்று அவள் பொறுத்துக்கொண்டாள்.

"தாண்டிப் போயேன்," என்றது ஹெட்போன். குரலில் வேர்வை இருந்தது.

"நீங்க போங்க மாமா. நான் பின்னாலயே வரேன்."

கடைசிச் சுற்றின் கொண்டை ஊசி வளைவில் மாமா பிரேக்கைத் தாமதமாக, முழுப் பலத்தோடு ஏறி மிதித்தார். கார் பம்பரமாகச் சுற்றிச் சரளையில் போய் நின்றது. அவள் தாண்டினாள். சூப்பர்வைசர் தாண்டினார். எல்லாரும் தாண்டினார்கள்.

அவள் கோட்டைத் தொட்டபோது கைதட்டல் தொடங்கி, உடனே அறுந்தது. மாமா எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கியிருந்தார். "பிரேக் போயிடுச்சு. மிதிச்சா பிடிக்கவே இல்ல. பந்தயமே செல்லாது." அப்புறம் யார் பக்கமும் திரும்பாமல், "பெடலைப் பார்த்துக்கறது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். நான் ஒன்னும் சொல்லல," என்றார்.

ஒன்றும் சொல்லாமலே எல்லாம் சொல்லியாயிற்று. பெரியப்பா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். ஒரு சொல்லில் அவள் வெற்றி களவாகவும், அவள் தொழில் நம்பத் தகாததாகவும் ஆகிவிட்டது. ஒத்தை ராணி என்ற பெயரே பரவாயில்லை என்று தோன்றியது.

அவள் இருக்கையிலிருந்து இறங்கினாள். "கூரியர் அண்ணே, அந்தப் பெடலை இப்பவே ஒரு துணில சுத்தி, அத்தனை பேர் முன்னாடியும் டேப் போட்டு ஒட்டுங்க. அடுத்த லீவு அன்னைக்கு இங்கேயே, இதே ஆளுங்க முன்னாடி பிரிப்போம். அதுவரைக்கும் உங்க வீட்டுல இருக்கட்டும். நானும் தொட மாட்டேன், மாமாவும் தொட மாட்டார்."

கூரியர் ஒட்டினார். பார்சல் கட்டுவது மட்டும் அவர் ஒழுங்காகச் செய்கிற வேலை.

அந்த ஒட்டு இன்று காலை எல்லார் கண் முன்னால் பிரிக்கப்பட்டது. எண்ணெய் இறங்கி, ஐந்தாவது திருகு கழன்றது. ஆறாவதும் வந்தது. அவள் மூடியைத் தூக்கினாள்.

அக்கா மெல்ல மேஜைப் பக்கம் வந்து, தங்கையின் தோளில் கை வைத்துக் குனிந்தாள். முடியை ஒதுக்கிவிடுவதுபோலக் காதோடு பேசினாள். "ஸ்பிரிங் விட்டுப்போச்சுன்னு சொல்லிடேன். உனக்கு என்ன நட்டம்? பழசு, தானா போச்சுன்னு சொல்லு, உன்மேலயும் பழி வராது. அன்னைலேருந்து வீட்டுல அவர் வாயைத் திறக்கல. கடைப்பக்கம் வரவே கூசறாரு. நான் கேட்டு நீ இல்லைன்னு சொன்னதில்ல."

அது உண்மைதான். சின்ன வயதிலிருந்து அக்கா கேட்டு அவள் இல்லையென்று சொன்னதில்லை. விரல்கள் ஸ்பிரிங்கின் மேல் நின்றன. தோளில் கிடந்த கையைப் பார்த்தாள். அன்றைக்கு வாயைப் பொத்தியதும் இதே கைதான். அதே வளையல்.

"அக்கா, நீ அங்க நில்லு. வெளிச்சம் மறைக்குது," என்றாள்.

அக்கா நகர்ந்தாள்.

அவள் ஸ்பிரிங்கை வெளியே எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். பிறகு பெரியப்பாவின் கையில் வைத்தாள். "அழுத்திப் பாருங்க பெரியப்பா." அவர் அழுத்தினார், அது எகிறி நின்றது. பெரியப்பா சூப்பர்வைசரிடம் கொடுத்தார். சூப்பர்வைசர் அழுத்திப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார். அது கை மாறி கை மாறி அறையைச் சுற்றி வந்தது. கடைசியில் மாமாவிடம் வந்தது. அவர் வாங்காமல் இருந்திருக்கலாம். அத்தனை கண்களும் இருந்தன. வாங்கினார். அழுத்தவில்லை.

ரப்பர் வட்டுகளை எடுத்தாள். வெடிப்பு இல்லை. அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் ஒயரை இழுத்துக் காட்டினாள். அசையவில்லை. ஒவ்வொன்றையும் துணியில் வைத்தபோது கூரியர் மைக் இல்லாமலே மைக்குக் குரலில், "நல்லா இருக்கு... இதுவும் நல்லா இருக்கு..." என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பின் எல்லாவற்றையும் வந்த வரிசையிலேயே திரும்பப் பூட்டினாள். திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். கணினியில் மாட்டி, உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினாள். பெரிய திரையில் சிவப்புப் பட்டை ஒன்று கீழிருந்து தடங்கல் இல்லாமல் உச்சிவரை ஏறியது. கையை எடுத்தாள், இறங்கியது. இன்னொரு முறை ஏற்றி, அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒயரைக் கழற்றிச் சுருட்டினாள். விரல் ரேகை படிந்த இடத்தைத் துணியால் துடைத்தாள். பெடலை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு கல்லாவுக்கு நடந்தாள். கூட்டம் வழி விட்டது.

"எதையும் மாத்தல மாமா," என்றாள். குரலில் மரியாதை குறையவில்லை. "மாத்த ஒன்னும் இல்ல. தூசி மட்டும் தட்டியிருக்கேன். சந்தேகம் இருந்தா காலைல கடை திறக்கறதுக்கு முன்னாடி வந்து உக்காருங்க. முன்னால யாரும் இருக்க மாட்டாங்க. ஒத்தையில ஓட்டிப் பாருங்க."

மாமா ஒரு கையை நீட்டினார். இரும்பு கனத்தது, ஒரு கைக்கு அடங்கவில்லை. அவர் மற்ற கையையும் கொண்டுவந்து கீழே தாங்கும்வரை அவள் பிடியை விடவில்லை. பிறகு விட்டாள்.